பட்டி பார்த்துடலாம் சார்!

உங்கள் வீட்டுச் சமையலறையில் சிங்க்குக்கு மேலே இருக்கும் டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதே எழுந்துபோய்த் தட்டிவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

‘டிங்’ என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் சந்தோஷம். இந்தப் பக்கத்தைத் தாண்டி நேராக சினிமா விமர்சனத்துக்குப் போய்விடலாம். ‘டொக்’ என்று காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்டால் கொஞ்சம் உட்காருங்கள். உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் என் மேல் இருக்கும் குற்றப்பத்திரிகையைப் படித்துவிடுகிறேன். அதுதான் மரியாதை.

எங்கள் ஃப்ளாட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருப்பது செங்கல் சுவர் இல்லை. பின்னால் வசதிக்காக எழுப்பிய தடுப்பு. தகரச் சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து, சமையலறைப் பக்கம் டைல்ஸ் ஒட்டியது. நடுவில் வெறும் காற்று. ஒருநாள் காலை, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் சிங்க்கில் குனிந்து நின்றபோது மேல் வரிசையிலிருந்து ஒரு டைல் கழன்று விழுந்து உடைந்தது. சில்லு மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். ஆட்டோவில் போகும்போது கையைப் புடவைத் தலைப்பால் இறுக்கிக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “டைல்ஸ் போச்சே சார், சம்பளத்துல புடிச்சிப்பீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த டைல் ஒருநாள் விழும் என்பது எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அதே சுவரில் அதே இடத்தில் நாலைந்து டைல்ஸ் லேசாக உப்பிக்கொண்டு நின்றன. ஆள் வந்தார். நெம்பி எடுத்தார். பின்னால் சுவர் ஊறிப்போய் மாவு மாதிரி இருந்தது. “போர்டையே மாத்தணும் சார், ஒரு வாரம் கிச்சனை யூஸ் பண்ண முடியாது” என்றார். பொங்கலுக்கு எட்டு நாள் இருந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள். “அதெல்லாம் வேண்டாம்ப்பா, இப்போதைக்கு ஏதாவது பண்ணு” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்ப பட்டி பார்த்துடலாம் சார், வெளியே தெரியாது” என்றார்.

வெளியே தெரியவில்லைதான். ஆறு வருஷம் தெரியவில்லை.

இந்த ‘வெளியே தெரியாது’ என்ற இரண்டு வார்த்தைகளோடுதான் எனக்குச் சண்டை. மேஸ்திரியைத் திட்டுவது சுலபம். ‘இந்தக் காலத்தில் யார் சார் ஒழுங்கா வேலை செய்றா?’ என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் முதலில் உண்மையைத்தான் சொன்னார். பொய்யைக் காசு கொடுத்து வாங்கியது நான். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். குழந்தையின் காதுகுத்துக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால், வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால். இந்த மூன்றாவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். பேசுகிறேன்.

அதற்கு முன்னால் இந்த ஜிப்சம் போர்டு என்ற ஆசாமியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய விஞ்ஞானம் இல்லை. இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்த சாண்ட்விச். நம் ஊரில் அதிகம் புழங்குவது 12.5 மில்லிமீட்டர் கனம். ஜிப்சம் ஒரு வேடிக்கையான கல். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாமல் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும். சூடு காட்டினால் அதில் பெரும்பகுதி ஓடிப்போய் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் கல்லாகிவிடும். பாரிஸ் நகரத்தில் மோன்மார்த்ர் குன்றில் தோண்டி எடுத்ததால் அந்தப் பெயர். நமக்கு ராஜஸ்தானில் தோண்டுகிறார்கள். தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி நெருப்பைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும். அந்த வகையில் நல்ல பொருள். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வெளியிலிருந்து வரும் தண்ணீர் அதற்கு ஆகாது. நனைந்தால் ஜிப்சம் இளகும், காகிதம் பூஞ்சைக்கு விருந்தாகும். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு தரைத்தளத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் வந்திருந்தது. போர்டுச் சுவர்களில் ஈரம் இடுப்பு வரை ஏறியிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறது. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாரம் மின்விசிறி போட்டுவிட்டு மேலே பெயின்ட் அடித்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே சுவர் மறுபடி நனைந்தது. இந்த முறை சரிந்துவிட்டது.

இந்தப் பலகைக்கு முன்னோடியான காகித அடுக்குப் பலகைக்கு அகஸ்டின் சாக்கெட் என்ற அமெரிக்கர் 1894-ல் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே லட்சக்கணக்கில் வீடுகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது இது வீட்டுக்கு வீடு நுழைந்தது. அங்கே சுவர் உடைவது ஒரு விஷயமே இல்லை. பையன் பந்தடித்து ஓட்டை போட்டால், அப்பா ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஒரு துண்டுப் பலகை, ஒட்டும் நாடா, ஒரு டப்பா கலவை வாங்கி வந்து அறுத்துப் பொருத்திவிடுவார். அறுத்து எடுத்து மாற்றுவதற்காகவே செய்த சுவர் அது.

நமக்கு என்ன ஆயிற்று? பலகை மட்டும் கப்பலேறி வந்தது. அதைப் பழுதுபார்க்கும் பழக்கம் கூட வரவில்லை. நம் ஊரில் சுவர் என்றால் செங்கல். செங்கல் என்றால் கொத்தனார். ஜிப்சம் போர்டு கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? கொத்தனார், “இது நம்ம வேலை இல்லீங்க, கார்பென்டரைக் கூப்பிடுங்க” என்பார். கார்பென்டர், “ஃபால்ஸ் சீலிங் ஆளுங்க செய்வாங்க” என்பார். ஃபால்ஸ் சீலிங்காரர் ஒரு துண்டுச் சுவருக்கெல்லாம் வர மாட்டார். ஐந்நூறு சதுர அடி இருந்தால் வருவார். கடைசியில் யார் வருவார் என்றால் பெயின்டர். அவர் கையில் இருப்பது பட்டித் தகடு. எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து.

டைல்ஸ் விழுந்த மறுநாள் நானும் ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே பார்த்துவிட்டுச் சொன்னார்: “டைல்ஸை எடுக்கவே வேணாம் சார். லூஸா இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு, பட்டி போட்டு லெவல் பண்ணி, மேலயே புது டைல்ஸ் ஒட்டிடலாம். ரெண்டு நாள். வெளியே தெரியாது.”

மறுபடியும் அதே இரண்டு வார்த்தைகள்!

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது இப்போது பெரிய ஃபேஷன். கெட்டியான செங்கல் சுவரில் ஒழுங்கான பசையோடு செய்தால் தப்பில்லை. ஜிப்சம் பலகையில்? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். எட்டு மில்லிமீட்டர் செராமிக் டைல் சதுர மீட்டருக்குப் பதினைந்து பதினாறு கிலோ இருக்கும். பசையையும் சேர்த்தால் இருபதைத் தொடும். பூச்சு இல்லாத ஜிப்சம் பலகைச் சுவர் சதுர மீட்டருக்கு 32 கிலோவுக்கு மேல் தாங்காது என்பது பிரிட்டனில் டைல்ஸ் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதுவும் நல்ல நிலையில் இருக்கும் பலகைக்கு. இரண்டு அடுக்கு என்றால் நாற்பது. ஊறி மாவாகிப்போன பலகை எவ்வளவு தாங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கான்ட்ராக்டரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். “சார் இன்ஜினீயரா?” என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

சரி, எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தோம். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே ஃபால்ஸ் சீலிங் வேலை செய்யும் ஒரு பையன், தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன் என்றான். முதல் டைலை நெம்பியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். டைலின் முதுகில் பலகையின் காகிதம் தோல் உரித்த மாதிரி முழுசாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் வெள்ளை ஜிப்சம் அம்மணமாக நின்றது. ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினான். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் என் ஆறு வருஷப் பழைய பட்டி, அப்பளம் மாதிரித் தனியாகப் பெயர்ந்து வந்தது. அதன் கனம் ஒரு விரல் இருக்கும். மொத்தமே ஒன்றரை மில்லிமீட்டருக்குள் பூச வேண்டிய பொருள் அது!

பையன் சொன்னான்: “அண்ணா, பட்டி வேணாம். கட் பண்ணு. புதுசு போடு.”

எட்டு வார்த்தைகூட இல்லை. எந்த விளம்பரத்திலும் எனக்குக் கிடைக்காத ஆலோசனை.

பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது பட்டித் தகட்டோடு வந்து நின்றால் கேள்வி கேட்க உதவும்.

டைல்ஸை எடுத்த பிறகு பலகை கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காமல் காய்ந்து கெட்டியாக இருந்தால், மேல் காகிதம் மட்டும் அங்கங்கே கிழிந்திருந்தால், காப்பாற்றலாம். கிழிந்து தொங்கும் காகிதத்தைப் பிளேடால் உறுதியான இடம் வரை நறுக்கி எடுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் நேராகக் கலவையை அப்பக் கூடாது. உள்ளே தெரியும் பழுப்புக் காகிதம் கலவையின் ஈரத்தைக் குடித்துக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். முதலில் அதற்கான பிரைமரை அடித்து அடைக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் கலவை. அதுவும் ஜிப்சம் பலகைக்கென்றே விற்கும் ஜாயின்ட் கலவை, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு நாள் என்பது ஒன்றரை நாளாகும். அவசரப்பட்டால் அத்தனையும் வீண்.

அமுங்கினால்? மருந்தே கிடையாது. அறுவை சிகிச்சைதான். கெட்ட இடத்தைத் தாண்டி, நல்ல இடத்தில், பின்னால் இருக்கும் சட்டம் வரை சதுரமாக அறுத்து எடுக்க வேண்டும். சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுத் துண்டை ஸ்குரூ போட்டு நிறுத்தி, இணைப்பில் நாடா ஒட்டிக் கலவை பூச வேண்டும். ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பல சமயம் டைல்ஸை ஒவ்வொன்றாக உளி வைத்து எடுப்பதைவிட, டைல்ஸோடு சேர்த்துப் பலகையையே அறுத்து எடுத்துவிட்டுப் புதுசு மாட்டுவது சுலபம், மலிவு, தூசியும் குறைவு. ஒரு பலகை சில நூறு ரூபாய்தான். டைல்ஸ் தேர்வு செய்ய நாலு கடை ஏறி இறங்கிய களைப்புக்குக் குடித்த காபிச் செலவும் அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. சிமெண்ட்டும் ஜிப்சமும் விசித்திரமான உறவுக்காரர்கள். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். பைக்குள் சமர்த்தாக இருப்பார்கள். ஆனால் காய்ந்த ஜிப்சம் மேல் பிரைமர் இல்லாமல் சிமெண்ட் பசையைத் தடவி, ஈரமும் சேர்ந்தால், நடுவில் புதுசாக ஒரு உப்பு படிகமாக வளர்ந்து இரண்டையும் பிரித்துத் தள்ளிவிடும். உங்கள் டைல் ‘டொக்’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொத்தனாருக்குச் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டித்தான் பழக்கம். செங்கல் சுவரில் அது நிற்கும். இங்கே நிற்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் குழாய் கசியவில்லை. கிரானைட் மேடையும் டைல்ஸும் சேருகிற மூலையில் வெள்ளை சிமெண்ட் அடைத்திருந்தார்கள். மேடை ஒரு பக்கம் அசையும், சுவர் ஒரு பக்கம் அசையும்; நடுவில் கிடந்த வெள்ளை சிமெண்ட் தலைமுடி அளவுக்கு வெடித்துவிட்டது. அந்த வழியாகப் பத்து வருஷமாகப் பாத்திரம் கழுவிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது. அங்கே வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் பசை ஒரு டியூப் வைத்திருந்தால் போதும். இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. கூடவே ஒரு கேள்வி: சிங்க்குக்குப் பின்னால் சாதா ஜிப்சம் பலகையை யார் அடிக்கச் சொன்னது? ஈரம் தாங்கும் பச்சைப் பலகை என்று ஒன்று விற்கிறது. அதையும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று சொல்லியே விற்கிறார்கள். அது ஈரக்காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். தினமும் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஃபைபர் சிமெண்ட் போர்டு போட வேண்டும், மேலே நீர்த்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். ‘ரெசிஸ்டன்ட்’டுக்கும் ‘ப்ரூஃப்’புக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை வீட்டுச் சுவர்கள் கரைந்திருக்கின்றனவோ.

பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் நூறு வருஷம் தாண்டியும் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பது உண்மை. அதற்காக நாளைக்கு என் ஃப்ளாட்டில் முட்டை உடைக்கப் போவதில்லை. நான் சொல்வது, எந்தச் சுவரைக் கட்டுகிறோமோ அதற்கு உரிய மருத்துவத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான்.

இப்போது தூசிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

அந்தப் பையன் கிரைண்டரை எடுத்து டைல்ஸ் இடுக்கை அறுக்க ஆரம்பித்தபோது மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான். ஒரு நிமிஷத்தில் சமையலறை பனிமூட்டம். நான் என்ன செய்தேன்? ஹாலுக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினேன், டி.வி. மேல் பெட்ஷீட் போர்த்தினேன். டி.வி.க்குப் போர்வை, அவனுக்குக் கைக்குட்டை!

டைல்ஸிலும் சிமெண்ட்டிலும் சிலிக்கா இருக்கிறது. உலர அறுத்தால் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகளாகப் பறக்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது. நுரையீரலின் அடி வரை போய் உட்கார்ந்துகொண்டால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்று பெயர். குணமாக்கும் மருந்து கிடையாது. இது புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்தது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்து இளைஞர்கள் நோயாளிகளானதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. அங்கே தடை. இங்கே கைக்குட்டை.

சட்டம் இல்லையா என்பீர்கள். தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சிலிக்கோசிஸைத் தெரிவிக்க வேண்டிய நோய் என்றது. உங்கள் சமையலறை தொழிற்சாலை இல்லையே! 1996-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதுவும் சொந்தக் குடியிருப்பில் பத்து லட்சத்துக்கு மேற்படாத வேலையைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆக, இந்த நாட்டில் டைல்ஸ் உடைக்கும் ஆளுடைய நுரையீரலுக்குப் பொறுப்பான அதிகாரி யார் தெரியுமா? நீங்கள்தான். வீட்டுக்காரர்.

2020-ல் கத்திரிக்காய் வாங்கப் போவதற்கு என்-95 மாஸ்க் போட்டவர்கள் நாம். மிச்சம் இன்னும் பீரோவில் கிடக்கும். ஒரு பெட்டி எடுத்துக் கொடுக்க என்ன தடை? அறுக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுத்தால் தூசி பாதிக்குப் பாதி அடங்கிவிடுகிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் மூடியில் ஓட்டையும் போதும். ஆனால் பிளக், வயர் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இதைச் செய்தது கிரைண்டர் ஓடி அரை மணி நேரம் கழித்து. கதவைத் திறந்தபோது அவன் புருவம் நரைத்திருந்தது. மாஸ்க்கை நீட்டினேன். “கொரோனா வந்துச்சா அண்ணா?” என்று சிரித்தான்.

இனி வாடகை சமாசாரம். நான் பேசுகிறேன் என்று சொன்னேன் இல்லையா?

வீட்டு உரிமையாளர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய குடித்தனக்காரர் காலி செய்ததும் நீங்கள் முதலில் கூப்பிடுவது பெயின்டரை. பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருக்கும், டைல்ஸ் நாலு பெயர்ந்திருக்கும். பட்டி, பெயின்ட், ஊதுபத்தி. புதுசாக வருபவர் அட்வான்ஸ் கொடுத்துப் பால் காய்ச்சி மூன்றாம் மாதம் சுவர் உரியும். உடனே நீங்கள் சொல்வது, “நாங்க கொடுக்கும்போது பளபளன்னுதானே இருந்துச்சு. நீங்க எப்படி யூஸ் பண்ணீங்களோ!” காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தமும் செய்வீர்கள். நீங்கள் மறைத்த ஓட்டைக்கு அவரிடம் அபராதம். நான் வாடகை வீட்டில் பதினாறு வருஷம் இருந்தவன். இப்படி இரண்டு முறை அட்வான்ஸை இழந்திருக்கிறேன். அதே நான்தான் சொந்த வீடு வந்ததும் பொங்கலுக்காகப் பட்டி பார்த்தேன் என்பதையும் மறக்கவில்லை.

‘செலவு சார், மிடில் கிளாஸ் என்ன பண்ணும்?’ என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைக் காட்டத் தயார். ஆறு வருஷத்துக்கு முன் பட்டிக்கும் புது டைல்ஸுக்கும் கொடுத்தேன். அது முழுக்க வீண். இப்போது பலகை, சட்டம், நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ் எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். தையலுக்கும் ஊசிக்கும் அந்த அம்மாளின் பன்னிரண்டு நாள் லீவுக்கும் கொடுத்தேன். அன்றே ஒழுங்காகச் செய்திருந்தால் பாதிக்கும் குறைவாக முடிந்திருக்கும். நான் மிச்சம் பிடித்தது ஒரு பொங்கல்.

குப்பையை மறந்துவிட்டேனே. உடைத்ததெல்லாம் பதினொரு மூட்டை. குட்டியானைக்காரர் வந்து, “எங்கே போடணும்னு கேட்காதீங்க சார், காலி பண்ணிடறேன்” என்றார். ‘வெளியே தெரியாது’ என்பதன் இன்னொரு வடிவம். எங்கே போடுவார் என்பது தென்சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். அதன் ஓரங்களில் கொட்டப்படும் டைல்ஸ் சில்லுகள் நம் வீட்டிலிருந்து போனவை. ஜிப்சம் வேறு சாதாரணக் குப்பை இல்லை. மட்கும் குப்பையோடு காற்றில்லாமல் புதைந்தால் பாக்டீரியா அதை அழுகின முட்டை நாற்றமடிக்கும் வாயுவாக மாற்றிவிடும். அதனாலேயே பிரிட்டனில் இரண்டையும் சேர்த்துப் புதைக்க விடுவதில்லை. கட்டட இடிபாடுகளுக்கென்று மத்திய அரசு 2016-லேயே விதிகள் போட்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளைப் பதப்படுத்த ஆலைகள் அமைத்தார்கள். குட்டியானைக்காரரிடம் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்து, நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு மாநகராட்சி சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்த்தேன். வழியெல்லாம் அவர் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

சமையலறைச் சுவர் பத்து நாள் திறந்தே கிடந்தது. சட்டமும் பைப்பும் வயரும் எலும்புக்கூடு மாதிரித் தெரிந்தன. வந்த உறவுக்காரர்களில் ஒருவர் தவறாமல் எல்லோரும், “என்னப்பா இது, ரெண்டு நாள்ல முடிக்க வேண்டிய வேலை” என்றார்கள். இண்டக்‌ஷன் அடுப்பை ஹாலில் வைத்துச் சமைத்தோம். ஈரம் காயும் வரை பையனும் அடுத்த கட்ட வேலையைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த ஞாயிறு வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பான். “இன்னும் ஜில்லுன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவான்.

எல்லாம் முடிந்து தையல் பிரித்த பிறகு அந்த அம்மாள் வேலைக்கு வந்தார். புது டைல்ஸின் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகப் போய் மேல் வரிசையை விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசி டைல் வரை தட்டிவிட்டுத் திரும்பி, “நீங்க முதல்ல இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க சார்” என்றார்.

நின்றேன்.